'வரவில்லை' என்பதற்குப் பக்கத்தில் ஒரு கட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கிராம சுகாதார செவிலியர்களை 'நடமாடும் தெய்வங்கள்' என்று உங்கள் இதழில் எழுதியிருந்தீர்கள். முப்பத்தோரு வருடம் அந்த வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். தெய்வத்துக்கு மாதாந்திர ரிவியூ மீட்டிங் கிடையாது, எங்களுக்கு உண்டு.

என் துணை சுகாதார நிலையத்தின் எல்லையில் செங்கல் சூளைகள். மழை ஓய்ந்ததும் ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள், வைகாசியோடு போய்விடுவார்கள். சமவெளியில் 5,000 பேருக்கு, மலையில் 3,000 பேருக்கு ஒரு துணை நிலையம் என்பது கணக்கு. இவர்கள் எந்த ஐயாயிரத்திலும் இல்லை.

ஒரு மாசி மாதம், மண் குழைத்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு நாலரை மாதம் இருக்கும். முழங்கை வரை கழுவிவிட்டுக் குடிசைக் கூரையில் செருகியிருந்த பிளாஸ்டிக் கவரிலிருந்து கர்ப்பிணி அட்டையை எடுத்துத் தந்தாள். எல்லாம் ஒடியா எழுத்து. எனக்குப் புரிந்தது தேதியும் எடையும்தான். செவ்வாய்க்கிழமை ஸ்கேனுக்கு வா என்றேன். அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் மேஸ்திரியைப் பார்த்தான். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்றுதான் கூலி. ஒரு கை குறைந்தால் வாங்கிய முன்பணம் கழியாது. "ஞாயிற்றுக்கிழமை கூட்டிட்டுப் போங்கம்மா" என்றார் மேஸ்திரி. ஞாயிற்றுக்கிழமை யார் ஸ்கேன் எடுப்பார்கள்?

தடுப்பூசியும் இப்படித்தான். புதன்கிழமை மருந்துக் குப்பிகளைக் குளிர்ப்பெட்டியில் ஐஸ் பேக்கோடு எடுத்துக்கொண்டு போவோம். தட்டம்மை-ரூபெல்லா மருந்தைக் கலக்கினால் நாலு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மிச்சத்தைக் கொட்ட வேண்டும். 'வேலை முடியட்டும், சாயங்காலம் வாங்க' என்பவர்களுக்காகக் குப்பி காத்திருக்காது.

பதிவேட்டில் 'வரவில்லை' என்று எழுதினேன். மீட்டிங்கில் ஏன் இத்தனை டிராப்-அவுட் என்று கேட்டார்கள். கூலி, முன்பணம், மேஸ்திரி எல்லாம் சொன்னேன். "அதெல்லாம் நம்ம டிபார்ட்மென்ட் இல்லம்மா, நம்பரைச் சொல்லுங்க" என்றார் அதிகாரி. அவர் சொன்னதும் சரிதான். கூலி தொழிலாளர் துறை, பஸ் போக்குவரத்துத் துறை. வயிறு மட்டும்தான் எங்கள் துறை. அந்தப் பெண் எட்டு மாத வயிற்றோடு ஊருக்கு ரயிலேறிப் போனாள். அவளுக்கு என்ன குழந்தை என்றுகூட எனக்குத் தெரியாது.

நான் கேட்பது சின்ன விஷயம். பதிவேட்டிலும் ஆப்பிலும் 'வரவில்லை' என்பதற்குப் பக்கத்தில் 'ஏன்' என்று ஒரு கட்டம் வேண்டும். பெயர் வேண்டாம், காரணம் மட்டும் போதும். அந்தக் காரணங்களை வருஷத்துக்கு இரண்டு கிராம சபையிலாவது, ஆகஸ்ட் 15, ஜனவரி 26 என்று வைத்துக்கொள்ளலாம், செவிலியர் வாசிக்க வேண்டும். ஒடிசாக்காரர்களுக்கு அந்தச் சபையில் ஓட்டு இல்லை, நாற்காலியும் இல்லை. ஆனால் சூளை முதலாளி முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். அவர் காதில் விழட்டும்.

இதைச் செவிலியரின் துணிச்சலுக்கு விட்டுவிடாமல் விதியாகவே போட வேண்டும். புதிதாக வேலைக்கு வந்த இருபத்து மூன்று வயதுப் பெண் தானாக எழுந்து சொன்னால் அடுத்த மாதம் அவளுக்கு டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வரும். விதி இருந்தால், "வாசிக்கச் சொல்லியிருக்காங்க, வாசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு உட்காரலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
திருவள்ளூர் மாவட்டம்