கவி கண்ணுக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள கவி கண்ணு,

நானும் அப்பாவும் நல்லா இருக்கோம். மஞ்சள் வெட்டு முடிஞ்சு, வேக வெச்சது களத்துல காயுது. இந்த வருஷம் கிழங்கு நல்லாப் பெருத்திருக்கு, விலைதான் இன்னும் படியலை. அப்பா சாயங்காலமானா களத்தை விட்டு நகர மாட்டேங்கறார். பெரியத்தை வந்து ரெண்டு நாள் இருந்துட்டுப் போனாங்க, உன்னைத்தான் கேட்டாங்க. மத்ததெல்லாம் அப்புறம் எழுதறேன்.

தலைவலி எப்படி இருக்குன்னு போன்ல கேட்டா "பரவாயில்லம்மா, மீட்டிங் இருக்கு"ன்னு வெச்சுடறே. இருட்டு ரூம்ல நெத்தியில துணியை இறுக்கிக் கட்டிப் படுத்துக்கிட்டு உங்க அம்மாயியும் அந்தப் பரவாயில்லையைத்தான் சொல்வாங்க. அதைக் கேட்டு வளர்ந்தவ நான். அதான் உக்காந்து எழுதறேன், முழுசாப் படி.

பொங்கலுக்கு வந்தப்ப நான் பார்த்ததைச் சொல்றேன், கோவிச்சுக்காதே. கரும்பை நீ கடிக்கவே இல்லை. சின்னப் புள்ளையில கணுவையே பல்லால உரிச்சுப் போடுவே. இந்தத் தடவை அப்பா வெட்டிக் கொடுத்த துண்டைத் தட்டுலயே விட்டுட்டு எந்திரிச்சுட்டே. இட்லியைக்கூட இடது பக்கமே வெச்சு மென்னே. கொட்டாவி வந்தா உள்ளங்கையால தாடையைத் தாங்கிப் பிடிச்சே. ஒருக்கா பிடிக்க மறந்துட்டே, காதுக்கு முன்னால டக்குன்னு சத்தம், பக்கத்துல பூ கட்டிக்கிட்டிருந்த எனக்குக் கேட்டுச்சு. அன்னிக்கு ராத்திரி நறநறன்னு சத்தம் கேட்டு விளக்கைப் போட்டேன். நீ நல்லாத் தூங்கறே, கன்னத்துச் சதை மட்டும் இறுகித் தளர்ந்து, இறுகித் தளர்ந்து போகுது. விடிஞ்சதும் ரெண்டு கட்டைவிரலாலயும் நெத்திப்பொட்டை அழுத்திக்கிட்டுக் கட்டில் ஓரத்துல உக்காந்திருந்தே.

வாய்ப்புண் இருக்கான்னு பார்க்கறேன், நாக்கைக் காட்டுன்னு சொன்னேனே, நான் பார்த்தது புண்ணு இல்லை. நாக்கு ஓரம் பூராவும் பல்லு பதிஞ்ச தடம் வரிசையா இருந்துச்சு. கன்னத்து உள்பக்கம் வெள்ளையா ஒரு கோடு. பல்லை இறுக்கறவங்களுக்கு அப்படி விழும்.

நீ ஒண்ணாப்பு படிக்கறப்பவும் தூக்கத்துல பல்லைக் கடிச்சே. வயித்துல பூச்சின்னு அம்மாயி வேப்பங்கொழுந்து அரைச்சுக் கொடுத்தாங்க. பூச்சிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை, குழந்தைகளுக்கு அது வளர வளரத் தானா நின்னுடும், உனக்கும் நின்னுச்சு. இந்த வயசுல திரும்ப ஆரம்பிச்சா அதுக்குன்னு ஒரு காரணம் இருக்கும். காரணம் என்னன்னு நான் கேட்கலை. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கலைன்னு சொன்னே, சரி. அப்பா கேட்டப்ப நானும் அதையேதான் சொன்னேன்.

மைக்ரேனுக்கும், அதான் இந்த ஒத்தைத் தலைவலிக்கும், தாடைக்கும் என்னம்மா சம்பந்தம்னு கேட்பே. கிட்டத்தட்ட மூஞ்சி பூராவுக்கும் உணர்ச்சி கொடுக்கறது ட்ரைஜெமினல்ங்கற ஒரே நரம்பு. மூளையிலிருந்து வர்ற 12 ஜோடியில அது அஞ்சாவது. மூணு கிளை அதுக்கு. முதல் கிளை நெத்திக்கும் கண்ணுக்கும், ரெண்டாவது மேல்தாடைக்கும் மேல்பல்லுக்கும், மூணாவது கீழ்த்தாடைக்கும் கீழ்ப்பல்லுக்கும் போகுது. மெல்லற தசையை அசைக்கறதும் அந்த மூணாவதுதான். மூளையைச் சுத்தியிருக்கற உறையில வலியை உணர்றதும் பெரும்பாலும் இதே நரம்பு. மைக்ரேன்ல நமக்குத் தெரியற வலி அந்த வழியாத்தான் வருது. இது அத்தனையும் மூளைத்தண்டுல ஒரே இடத்துல போய்ச் சேருது. கூடுதுறையில நின்னுக்கிட்டு, கையில அள்ளின தண்ணி பவானியா காவேரியான்னு பிரிச்சுச் சொல்ல முடியுமா? மூளைக்கும் அதே கதிதான். தாடையில கிளம்பின வலி பொட்டுலயும் காதுலயும் தெரியும். மைக்ரேன் வலி சிலருக்கு மேல்பல்லுல வந்து நிக்கும்.

அம்மாயிக்கு நடந்தது அதுதான். வலப்பக்க மேல்பல்லு வலிக்குதுன்னு போனாங்க, பிடுங்கிவிட்டாங்க. கொஞ்ச நாள் நல்லா இருக்கும், திரும்ப அதே ஒருபக்க மண்டையிடி, அதே வாந்தி. அடுத்த பல்லு. அப்படியே மூணு நல்ல பல்லு போச்சு. கடைசி வரைக்கும் அந்தப் பக்கம் ஒரு முறுக்கைக் கடிக்க முடியலை, மண்டையிடியும் நிக்கலை.

அதனால முதல்ல இதைக் கேட்டுக்கோ. உன் கடி சரியில்லை, பல்லை ராவிவிட்டா தலைவலி போயிடும், கம்பி கட்டினா போயிடும்னு யாராவது சொன்னா எந்திரிச்சு வந்துடு. தாடை மூட்டு வலிக்குத் திருப்பி மாத்த முடியாத வைத்தியத்தைச் செய்யாதீங்கன்னு அமெரிக்காவுல பல், முக ஆராய்ச்சிக்குன்னு இருக்கற தேசிய நிறுவனமே சொல்லுது. எனாமல் ஒருதடவை போச்சுன்னா போச்சு, திரும்ப வளராது. அதுக்காகப் பல்லைக் காட்டாமலே இருந்துடாதே. சொத்தை, விரிசல் விட்ட பல்லு, வேர்ல சீழ், இதெல்லாமும் பொட்டு வரைக்கும் வலியை ஏத்தும். உன் ஞானப்பல்லு கீழே சாய்ஞ்சு முளைக்குதுன்னு காலேஜ் படிக்கறப்பவே சொன்னாங்க, அப்புறம் பார்க்கலாம்னு நீதான் தள்ளிப் போட்டே. ரெண்டு தாடையும் ஒரே படத்துல தெரியற மாதிரி ஓ.பி.ஜி. எக்ஸ்ரே எடுப்பாங்க, அதை எடு. காரணம் தெரிஞ்சு பல்லை எடுத்தா அது வேற விஷயம்.

உன் வலி எந்த வலின்னு உன்னாலயே ஓரளவு பிரிக்க முடியும். மைக்ரேன்னா பெரும்பாலும் ஒருபக்கம், விண்ணு விண்ணுன்னு, மாடிப்படி ஏறினா கூடும், குமட்டும், வெளிச்சமும் சத்தமும் ஆகாது, மாத்திரை போடாம விட்டா 4 மணி நேரத்துலருந்து 72 மணி நேரம் வரைக்கும் இருக்கும். தாடையால வர்ற தலைவலி மென்னா கூடும், வாயை அகலத் திறந்தா கூடும், பொட்டுத் தசையை அழுத்தினா அதே வலி திரும்ப வரும், எந்திரிக்கும்போதே கூட வரும். இது நானாச் சொல்றது இல்லை. சர்வதேசத் தலைவலிச் சங்கம் 2018ல வெளியிட்ட வகைப்பாட்டுல தாடை மூட்டுத் தலைவலிக்குன்னு தனி இடமே இருக்கு, 11.7ன்னு.

உனக்கு ரெண்டும் இருக்குன்னுதான் எனக்குத் தோணுது. நிறையப் பேருக்கு ரெண்டும் சேர்ந்தேதான் இருக்கும், அதுலயும் பொம்பளைங்களுக்கு. பல்லு கடிக்கறதால மைக்ரேன் புதுசா முளைக்குதுன்னு நான் சொல்லலை. அது அம்மாயி வழியில உனக்கு வந்த கூறு. ஆனா கூறு இருக்கறவ ராத்திரி பூரா தாடையை இறுக்கினா, அந்த நரம்பு ஓயாம உசுப்பிவிட்டபடியே இருக்கும். அடுத்த வலி சீக்கிரமா வரும், வந்தது சீக்கிரம் போகாது. வலி வந்தா நீ இன்னும் இறுக்குவே. ஒண்ணை மட்டும் பார்த்துட்டு இன்னொண்ணை விட்டா ரெண்டுமே தீராது கண்ணு.

மாத்திரை விஷயத்துக்கு வர்றேன். இதுல மட்டும் கடுமையாத்தான் சொல்லுவேன், பார்மஸியில நின்னே தலை நரைச்சவ நான். பாரசிட்டமால் மாதிரி சாதா வலி மாத்திரையை மாசத்துல 15 நாளோ அதுக்கு மேலயோ, மூணு மாசத்துக்கு மேல போட்டுக்கிட்டே இருந்தா அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். காஃபின், எர்காட்னு கலந்து வர்ற கூட்டு மாத்திரைக்கும், மைக்ரேனுக்குன்னே கொடுக்கற ட்ரிப்டான் வகைக்கும் 10 நாளே போதும். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்னு "ரெண்டு அட்டை சேர்த்துக் குடுங்க"ன்னு கேட்டவங்களை எவ்வளவோ பேரைப் பார்த்திருக்கேன். என் மகளும் ஏதோ ஒரு கடையில அப்படி நிக்கறாளோன்னு நினைச்சா சோறு இறங்கலை. ஒரு நோட்டு போடு. எந்தத் தேதி, எந்தப் பக்கம், எந்திரிக்கும்போதே இருந்துச்சா, மாசவிலக்குக்கு எத்தனை நாள் முன்னால, என்ன மாத்திரை, இவ்வளவு எழுதினா போதும். நரம்பு டாக்டர் கேட்கற முதல் கேள்வியே அதுதான்.

நரம்பு டாக்டரையும் பாரு, பல் டாக்டரையும் பாரு. அங்கே சென்னையில கோட்டை ஸ்டேஷன் பக்கத்துல அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கு, 1953ல ஆரம்பிச்சது. அங்கே வாய் மருத்துவத்துக்குன்னு தனித் துறையே இருக்கு. ராத்திரி போட்டுக்கத் தகடு செஞ்சு தருவாங்க. பல்லுக்கு அளவெடுத்துச் செய்யறதா இருக்கணும், சுடுதண்ணியில போட்டுக் கடிச்சுக்கற ஆன்லைன் சாமான் வேண்டாம். தகடு பல்லைத் தேயாம காப்பாத்தும், காலையில வர்ற தாடை வலி நிறையப் பேருக்குக் குறையும். மைக்ரேனை அது குணமாக்கும்னு மட்டும் நம்பிடாதே.

பகல்ல நீயே பார்த்துக்கணும். உதடு மூடியிருக்கலாம், பல்லு ஒண்ணோட ஒண்ணு தொடக் கூடாது. "ன்"னு சொல்லிப் பாரு, நாக்கு நுனி எங்கே நிக்குதோ அங்கேயே இருக்கட்டும், தாடை தானாத் தளரும். கம்ப்யூட்டர் ஓரத்துல ஒரு புள்ளி ஒட்டி வெச்சுக்கோ, அதைப் பார்க்கும்போதெல்லாம் பல்லைப் பிரி. ராத்திரி துணியைச் சுடுதண்ணியில நனைச்சுப் பிழிஞ்சு ரெண்டு கன்னத்துலயும் கொஞ்ச நேரம் வை. சூயிங்கம் வேண்டாம். போனைத் தோளுக்கும் கன்னத்துக்கும் நடுவுல இடுக்கிக்கிட்டுப் பேசாதே. சாயங்காலத்துக்கு மேல காபி வேண்டாம். பல்லு தொடக் கூடாது, அதை மட்டும் மறக்காதே.

இன்னொண்ணு, இதைப் பொதுவாத்தான் எழுதறேன். மனச்சோர்வுக்கும் படபடப்புக்கும் கொடுக்கற மாத்திரைங்க இருக்கு, ஃப்ளூஆக்செடின், செர்ட்ராலின், எஸ்சிட்டாலோப்ராம் அந்த வகை. நல்ல மருந்துங்க. அதைச் சாப்பிட்டு எந்திரிச்சு நடமாடினவங்களை நான் கண்ணால பார்த்திருக்கேன். சாப்பிடறதுல கேவலம் ஒண்ணும் கிடையாது. ஆனா சிலருக்கு ஆரம்பிச்ச சில வாரத்துல பல்லு இறுக்கறது வரும். அப்படி இருந்தா எழுதிக் கொடுத்த டாக்டர்கிட்டச் சொல்லணும், பல் டாக்டர்கிட்டயும் சொல்லணும். அளவைக் குறைப்பாங்க, இல்லை வேற மாத்துவாங்க. தானாத் திடீர்னு மட்டும் நிறுத்தக் கூடாது, தலை சுத்தும், தூக்கம் கெடும், தலைவலியும் கூடும். நீ மறந்துட்டுப் போன சின்னப் பையை உன் அலமாரியில அப்படியே வெச்சிருக்கேன். அப்பா பார்க்கலை.

உன்னைப் பத்திப் பேசும்போது எல்லாரும் "கவிக்கு எவ்வளவு பொறுமை"ங்கறாங்க. பெரியத்தையும் அதேதான் சொன்னாங்க. எனக்கும் பெருமைதான். அத்தனை பேருக்கு மேல உக்காந்து வேலை வாங்கறே, ஒருத்தர் உன்னைக் குறை சொல்லிக் கேட்டதில்லை. ஆனா விளக்கைப் போட்டு உன் கன்னத்தைப் பார்த்தவ நான். அந்தப் பொறுமை ராத்திரி எங்கே போய் உக்காருதுன்னு அவங்களுக்கு என்ன தெரியும்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சரி, விடு.

டாக்டர் கேட்பாங்க, வேலையில நெருக்கடியா, வீட்டுல ஏதாவதான்னு. அது வம்புக்குக் கேட்கறது இல்லை, பல்லு இறுக்கறவங்ககிட்ட அதைக் கேட்டே ஆகணும். எங்கிட்டச் சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம். அவங்ககிட்ட மட்டும் "ஒண்ணுமில்ல டாக்டர்"னு சொல்லிடாதே. என்னை வெளியே உக்காரச் சொல்லு, நான் உக்காந்துக்கறேன்.

வர்ற புதன்கிழமை ராத்திரி சேரன் எக்ஸ்பிரஸ்ல டிக்கெட் போட்டாச்சு. வேண்டாம்னு போன் பண்ணாதே, அப்பாவுக்கு ரசமும் பருப்பும் வெச்சுச் சமாளிக்கத் தெரியும். சந்தகை பிழியற அச்சையும் கொள்ளையும் எடுத்துட்டு வர்றேன். உனக்கு இப்போ சந்தகைதான் சரி, மெல்ற வேலையே இருக்காது. மாப்பிள்ளை இருந்தா மூணு பேருக்கும் பிழியறேன், இல்லைன்னா நம்ம ரெண்டு பேருக்கும். எத்தனை நாள் இருப்பேன்னு கேட்காதே. சென்ட்ரலுக்கு நீ வர வேண்டாம், ஆட்டோ பிடிச்சு வந்துடுவேன். காலேஜ்ல எடுத்த அந்தப் பழைய பல் எக்ஸ்ரே கிடைச்சா தேடி எடுத்து வை. வியாழக்கிழமைக்கு லீவு சொல்லிடு.

அன்புடன்,
அம்மா