குடமும் ஏரியும்: எட்டாம் வகுப்புப் பெற்றோருக்கு

உத்திரமேரூர்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

வரும் சனிக்கிழமை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வைகுண்டப் பெருமாள் கோவிலுக்கும், அங்கிருந்து ஏரிக்கரைக்கும் அழைத்துப் போகிறோம். தினமும் பஸ்ஸில் தாண்டிப் போகிற கோவில்தானே, அதற்கு எதற்கு ஒரு நாள் முழுக்க என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

போன மாதம் அந்த வகுப்பில், அந்தக் காலத்தில் ஊர் வேலைக்கு ஆள் தேர்ந்தெடுத்த குடவோலை முறை பற்றிக் கேட்டேன். எல்லாக் கைகளும் உயர்ந்தன. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போடுவது, ஒரு சிறுவன் எடுப்பது எல்லாம் தடங்கல் இல்லாமல் வந்தது. சரி, அப்படித் தேர்வானவர்கள் அதற்கப்புறம் என்ன வேலை பார்த்தார்கள் என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. அதில் பாதிப் பேர் கழனி வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள். எனக்கு அது மனதில் தைத்துவிட்டது.

அந்தக் கோவில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. முதலாவது 919-ஆம் ஆண்டு. அதில் எழுதிய குடவோலை விதிகளை ஊர்ச் சபையார் இரண்டே வருடத்தில் எடுத்துத் திருத்தி, 921-இல் மறுபடியும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். கல்லில் எழுதியாயிற்றே என்று விட்டுவிடவில்லை. பிள்ளைகள் அந்த இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிந்திருந்தது. இன்றைக்கு நாம் வார்டு என்கிறோமே, அதுபோல. குடும்புக்கு ஒருவர். வாரியம் என்றால் குழு. அந்த 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியம், அதாவது ஆண்டுக் குழு; 12 பேர் தோட்ட வாரியம், மீதி 6 பேர் ஏரி வாரியம். பதவிக் காலம் 360 நாள். எல்லாவற்றையும் மேற்பார்க்கும் சம்வத்சர வாரியத்துக்கு யாரை வைத்தார்கள் தெரியுமா? முன்பே தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் இருந்தவர்களையும், படிப்பில் மூத்தவர்களையும், வயதில் மூத்தவர்களையும். ஏரியையும் தோட்டத்தையும் பார்த்துப் பழகியவர்களிடம் ஊர்ப் பொறுப்பு போனது. அந்தக் கல்வெட்டில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இன்னொன்று கணக்கு. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரை மறுபடியும் குடத்தில் போடக் கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர்கள் பெயரையும் போடக் கூடாது. ஓலையை வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும் என்பதுவரை எழுதி வைத்திருக்கிறார்கள். மறைத்து மாற்ற வழியே இல்லாமல், கூடியிருக்கும் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி.

பெருமையோடு சேர்த்து மற்றதையும் பிள்ளைகளிடம் சொல்லத்தான் போகிறோம். இது சதுர்வேதிமங்கலத்துச் சபை, அதாவது பிராமணர்களுக்குக் கொடையாகக் கொடுத்த ஊரின் சபை. கால் வேலிக்கு மேல் சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு, 35-க்கு மேல் 70-க்குள் வயது எல்லாம் இருந்தவர் பெயர்தான் பொதுவாகக் குடத்துக்குள் போனது. பெண்கள் பெயர் இல்லை. ஏரித் தண்ணீரில் நாற்று நட்டு அறுத்தவர்கள் பெயரும் இல்லை. இன்று தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. நம் வகுப்புப் பெண் பிள்ளைகள் அந்தச் சுவருக்கு முன்னால் நின்று இதைக் கேட்க வேண்டும்.

அப்புறம் ஏரி. சோழருக்கும் முன்னால், பல்லவர் காலத்திலேயே இருந்த ஏரி இது. வைரமேக தடாகம் என்று கல்வெட்டில் பெயர். தூர் வாருவதற்கென்றே கொடை எழுதி வைத்தவர்கள் இருந்திருக்கிறார்கள். மண் சேர்ந்தால் தண்ணீர் நிற்காது, தண்ணீர் நிற்காவிட்டால் நெல் இல்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அது உங்களுக்கும் தெரியும். மதகை எப்போது திறப்பார்கள், கலங்கல் எங்கே வழியும், கடைமடைக் கழனிக்குத் தண்ணீர் வந்து சேர எத்தனை நாள் ஆகும் என்பதெல்லாம் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அத்துப்படி. எங்கள் ஆசிரியர்களுக்கு அவ்வளவு தெரியாது. எனக்கும் தெரியாது.

அதனால் ஒரு வேண்டுகோள். சனிக்கிழமைக்கு முன்னால் ஒரு நாள் ராத்திரி சாப்பிட்ட பிறகு டிவியை அணைத்துவிட்டுப் பிள்ளையிடம் ஏரியைப் பற்றிப் பேசுங்கள். ஏரி நிரம்பி வழிந்த வருஷம், காய்ந்து கிடந்த வருஷம், தண்ணீர் முறைக்காக யாரோடு சண்டை வந்தது, யார் தீர்த்து வைத்தார்கள், எதுவாக இருந்தாலும் சரி. நிலம் இல்லாதவர்கள் தயங்க வேண்டாம். நடவுக்குப் போன அம்மாவுக்கும் நெல் மூட்டை தூக்கின அப்பாவுக்கும் சொல்ல நிறைய இருக்கும். அதைப் பிள்ளை தன் கையெழுத்தில் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வரட்டும். எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டோம். ஏரிப் பாசனத்தில் பயிர் வைக்கும் தாத்தா பாட்டி யாராவது காலை பத்தரை மணிக்குக் கரைக்கு வந்து பேச முடிந்தால், வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

தொப்பி, தண்ணீர் பாட்டில், மதியச் சாப்பாடு கொடுத்தனுப்புங்கள். தண்ணீரில் யாரும் இறங்க மாட்டார்கள்; கரையில் நான்கு ஆசிரியர்கள் கூடவே இருப்போம். சம்மதச் சீட்டில் கையெழுத்திட்டு வியாழக்கிழமைக்குள் அனுப்பிவிடுங்கள்.

திங்கட்கிழமை காலை வழிபாட்டுக்குப் பிறகு பள்ளித் தோட்டத்துக்கு ஆறு பேர் கொண்ட வாரியம் ஒன்றைக் குடவோலை முறையிலேயே எடுக்கிறோம். ஆண், பெண் எல்லோர் பெயரும் குடத்தில் இருக்கும். பக்கத்துத் தொடக்கப் பள்ளியிலிருந்து ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று வந்து சீட்டு எடுக்கும். விதை, உரம், விளைந்த கீரை எல்லாவற்றுக்கும் ஒரு கணக்கு நோட்டு உண்டு. ஆண்டுக் கடைசியில் அந்த ஆறு பேரும் உங்கள் முன்னால் அதைப் படித்துக் காட்டுவார்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்