கால்வாய்க் கரையில் ஒரு பிற்பகல்

அன்புள்ள மகனுக்கு,

நலம். நீயும் மெல்பேர்னில் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

சென்ற சனிக்கிழமை நல்ல வெயில். நானும் அப்பாவும் நார்தாம்ப்டனிலிருந்து ஸ்டோக் ப்ரூயர்ன் கிராமத்துக்குப் போய், கால்வாய்க் கரையில் இருக்கும் 'போட் இன்' பப்பின் வெளி மேசையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். நீ பத்து வயதில் அதே மேசைகளைக் காட்டி, "அம்மா, இங்கே கொஞ்சம் இருப்போமா?" என்று கேட்டபோது, குடிக்கிற இடத்தில் பிள்ளைக்கு என்ன வேலை என்று உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனவள் நான். அன்று உன்னை அங்கே உட்கார விட்டிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

அந்த பப் இருக்கும், கூரை வேய்ந்த கல் வீடு 1877இல் வுட்வர்ட் குடும்பத்தின் கைக்கு வந்தது. அதன் வாசலில் ஓடும் கிராண்ட் ஜங்ஷன் கால்வாய்க்கு 1793இல் நாடாளுமன்றம் அனுமதி தந்தது. பொறியாளர் வில்லியம் ஜெசப். பக்கத்துக் குன்றைக் குடைந்த முதல் முயற்சி நீர் புகுந்து தோற்றுப்போனதால், பல ஆண்டுகள் சரக்கைப் படகிலிருந்து இறக்கி, தண்டவாளத்தில் குதிரைகளைக் கொண்டு குன்றின் மேலே இழுத்து, மறுபுறம் மீண்டும் படகில் ஏற்றியிருக்கிறார்கள். அந்தக் குன்றின் ஊடே கால்வாய் செல்லும் பிளிஸ்வர்த் சுரங்கம் 1805இல்தான் திறந்தது. ஏறத்தாழ 2.8 கிலோமீட்டர் நீளமுள்ள அதற்குள், படகை இழுக்கும் குதிரை நடக்கப் பாதை கிடையாது. குதிரையை அவிழ்த்துக் குன்றின் மேல் நடத்திச் செல்ல, படகின் முன்புறம் பலகை போட்டு இருவர் மல்லாந்து படுத்து, இருட்டில் சுவரைக் காலால் உதைத்து உதைத்தே படகை நகர்த்துவார்கள். 1871இல் நீராவி இழுவைப் படகு வரும்வரை அதுவே பலருடைய பிழைப்பு. அப்படி வெளியே வந்தவர்கள் தாகத்தோடு ஒரு கதவைத் தட்டியிருந்தால், அதில் நான் முகம் சுளிக்க என்ன இருந்தது?

என்னை அதைவிட உலுக்கியது படகுக் குடும்பங்களின் வாழ்க்கை. ரயில் வந்து கூலி குறைந்தபின், வீட்டு வாடகைக்கு வழியில்லாத பலர், ஏழடி அகலப் படகின் பின்முனையில் இருந்த சிற்றறைக்கே மனைவி மக்களோடு குடிவந்துவிட்டார்கள். இரண்டு நாள் சேர்ந்தாற்போல் ஓரிடத்தில் நில்லாத பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் ஏது, மருத்துவர் ஏது? ஸ்டோக் ப்ரூயர்னில் மேரி வார்ட் என்ற தாதி, நீர்மட்டத்தை மாற்றிப் படகுகளை ஏற்றி இறக்கும் மதகருகே இருந்த தன் வீட்டில் அவர்களுக்கு வைத்தியம் பார்த்தார். 1951இல் அவருக்கு பிரிட்டிஷ் பேரரசுப் பதக்கம் கிடைத்தது. உனக்குக் காய்ச்சல் கண்ட இரவுகளில் நான் பட்ட பாட்டை நினைத்துக்கொண்டேன். ஓடும் படகில் அந்தத் தாய்மார் என்ன செய்திருப்பார்கள்?

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு படகு வந்தது. கூரைமேல் ரோஜாவும் கோட்டையும் தீட்டிய தண்ணீர்ப் பாத்திரம். ஒரு பெண் மதகின் நீண்ட மரக்கையில் முதுகைச் சாய்த்து, செங்கல் விளிம்பில் குதிகாலை ஊன்றித் தள்ளினாள். கதவிடுக்கில் பாசியோடு கசிந்துகொண்டிருந்த நீர் நின்று, கதவு மெல்ல அசைந்தது. அப்பா எழுந்து போய் மறுபக்கக் கதவைத் தள்ளிக் கொடுத்தார். பப்பின் உள்ளே, தோல் போர்த்திய மேசையில் வட்ட மரக்கட்டைகளை வீசி ஆடும் இந்த மாவட்டத்து ஸ்கிட்டில்ஸ் ஆட்டமும் இருக்கிறது. நீ அதை விரும்புவாய்.

ஜூலையில் நீ வரும்போது அந்த மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, கரையோரமாகச் சுரங்க வாயில்வரை நடப்போம். வெயில் நாளிலும் உள்ளிருந்து குளிர்க்காற்று வருகிறது. ஒரு மேலாடை எடுத்து வா.

அன்புடன்,
அம்மா