கடைசியாகச் சுவரைத் தொடுகிற பிள்ளை

டேய் நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிவிட்டது. பதில் போடாததற்குக் காரணம் சோம்பல்தான், வேறு சாக்கு ஒன்றும் இல்லை. ஆனால் உன் மகள் நீந்துவதை எடுத்து நீ அனுப்பிய வீடியோவை மட்டும் வந்த அன்றைக்கே நாலு தடவை பார்த்துவிட்டேன், அதில் ஒரு தடவை பையனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி. அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

இங்கே எல்லோரும் சுகம். என் முழங்கால் மாடிப்படி ஏறும்போது மட்டும் முனகுகிறது. பையனுக்குப் பதினாறு முடிந்துவிட்டது, என்னைவிட ஒரு சாண் உயரம், பேச்சுதான் வரவரக் குறைந்துகொண்டே போகிறது. விடிகாலை நீச்சலுக்கு அலாரம் அடிப்பது அவன் போனில், எழுந்திருப்பது நான். போட்டி நாட்களில் ஸ்டாப்வாட்சோடு லேன் முனையில் நின்று டைம் எடுக்கிற வேலைக்கு நானும் பெயர் கொடுத்துவிட்டேன். கேலரியில் உட்கார்ந்து கத்துவதற்கு இது தேவலை என்று வீட்டில் தீர்ப்பாகிவிட்டது.

சரி, உன் விஷயம். பக்கத்து வீட்டுப் பெண்ணை மேல் பேட்சுக்கு ஏற்றிவிட்டார்கள், அவளோடு ஒன்றாகச் சேர்ந்த உன் மகளை அதே இடத்தில் வைத்திருக்கிறார்கள், கோச் சரியாகப் பதில் சொல்வதில்லை, கிளப்பை மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். இப்போதைக்கு மாற்றாதே. நீ நிற்கிற அதே இடத்தில் ஐந்து வருடம் முன்னால் நான் நின்றேன். நின்றதோடு விட்டேனா, கோச்சை நச்சரித்து நினைத்ததைச் சாதித்தும் காட்டினேன். அந்தக் கதையை உனக்கு முழுசாகச் சொன்னதில்லை, வெட்கம்தான் காரணம்.

கிளப்புக்குக் கிளப் லெவலின் பெயர் மாறும், உனக்கே தெரியும். ஒரு இடத்தில் வெண்கலம், வெள்ளி, தங்கம் என்பார்கள், இன்னொரு இடத்தில் மீன் பெயர் வைப்பார்கள், வேறொரு இடத்தில் வெறும் நம்பர். பெயரைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் உள்ளே இருக்கிற சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான். முதல் படியில் மூச்சு விடுவது, உடம்பை நேராகக் கிடத்துவது, கிக், குப்புறக் கிடந்து கையை மாற்றி மாற்றிப் போடுகிற ஃப்ரீஸ்டைல், மல்லாந்து நீந்துகிற பேக்ஸ்ட்ரோக். அடுத்ததில் தவளை மாதிரி உதைக்கிற பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கும், இரண்டு கையையும் ஒன்றாக வீசுகிற பட்டர்ஃப்ளையும் விதிப்படி, ஸ்டார்ட், டர்ன், கடிகாரம் பார்த்து நீந்துவது. அதற்கு மேல்தான் பயிற்சி என்று சொல்லத்தக்க பயிற்சி தொடங்குகிறது, நூறு மீட்டர் நூறு மீட்டராகத் திரும்பத் திரும்ப நீந்துகிற செட், நாலு ஸ்ட்ரோக்கும் சேர்ந்த 200 மீட்டர் மெட்லி, வாரத்தில் நாலைந்து நாள். உச்சியில் இருக்கிற சீனியர் பிள்ளைகள் ஒரு வேளைக்கே 5 கிலோமீட்டருக்கு மேல் போடுவார்கள், சில நாள் காலை மாலை இரண்டு வேளையும். அன்றைக்கு என் பையன் இரண்டாம் படியில் இருந்தான், வயது 11. அவன் கூட்டாளிகள் மூன்று பேர் மூன்றாம் படிக்குப் போய்விட்டார்கள். அவனுக்கு வருத்தம் இருந்ததா என்று இப்போது யோசித்தால் ஞாபகமே வரவில்லை. எனக்கு இருந்தது. 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் அந்த மூன்று பேரில் ஒருவனைவிட இவன் டைமிங் நன்றாக இருந்தது, அதை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போய்க் கோச்சிடம் காட்டினேன். "இன்னும் ஆறு மாசம் போகட்டும் சார்" என்றார். நான் விடவில்லை. மூன்றாவது வாரம் அலுத்துப்போய்ச் சரி என்றார்.

மேல் பேட்சில் நடந்ததை உனக்குக் கணக்கோடு சொன்னால்தான் புரியும். குளத்து முனையில் ஒரு பெரிய கடிகாரம் இருக்குமே, விநாடி முள் சுற்றிக்கொண்டே இருக்கும், அங்கே அதுதான் எஜமான். "8 நூறு, 1:50-க்கு" என்று கோச் சொன்னால், நீந்துவதும் ஓய்வும் சேர்த்து ஒவ்வொரு நூறுக்கும் 1 நிமிடம் 50 விநாடி. சீக்கிரம் வந்தால் மிச்சம் ஓய்வு, லேட்டாக வந்தால் ஓய்வு கிடையாது. முதல் பையன் முள் 60-க்கு வரும்போது கிளம்புவான், அடுத்த தடவை 50-இல், அதற்கடுத்து 40-இல். ஒரு லேனில் ஐந்து பேர், ஐந்து ஐந்து விநாடி இடைவெளி விட்டு ஒருவர் பின்னால் ஒருவர், என் பையன் ஐந்தாவது. முதல் பையன் நூறை 1:28-இல் முடித்துவிடுவான். 22 விநாடி சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவான், கண்ணாடியைச் சரிசெய்வான், கோச் குனிந்து முழங்கையை இறக்காதே என்று சொல்வதைக் கேட்பான், கிளம்பிவிடுவான். என் பையனுக்கு நூறுக்கு 1:47, அதுவும் 20 விநாடி பின்னால் கிளம்பியவன். போட்டுப் பார், முதல் பையன் அடுத்த நூறுக்குக் கிளம்பிப் போய் 17 விநாடி கழித்துத்தான் இவன் சுவரைத் தொடுகிறான். தொட்ட மூன்றாவது விநாடி திரும்பவும் கிளம்ப வேண்டும்.

ஒரு நாள் வண்டியில் வரும்போது கேட்டேன், இன்னைக்குக் கோச் என்னடா சொல்லிக்கொடுத்தார் என்று. "தெரியாதுப்பா, நான் வர்றப்போ அவர் பேசி முடிச்சிருப்பார்" என்றான். கோபமோ புகாரோ ஒன்றும் இல்லை, சாக்ஸை மாட்டிக்கொண்டே சொன்னான்.

எனக்குச் சுருக்கென்றது. மறுநாளிலிருந்து கேலரியில் உட்கார்ந்து அவன் எத்தனை கை போடுகிறான் என்று எண்ண ஆரம்பித்தேன். 25 மீட்டர் குளம், முதல் நூறில் ஒரு நீளத்துக்கு 20 கை, ஐந்தாவது நூறில் 26. தண்ணீரைப் பிடிக்கிற பிடி போய்விட்டது, கையைச் சும்மா சுழற்றித் தப்பிக்கிறான் என்று அர்த்தம். 800 மீட்டர் என்றால் 32 நீளம், நீளத்துக்கு 25 என்று வைத்தாலும் ஒரே செட்டில் 800 கை, அதில் பாதிக்கு மேல் தப்பான கை. எண்ணூறையும் அவன் உடம்பு மறக்காமல் மனப்பாடம் செய்துகொண்டிருந்தது, அதைத்தான் நான் கெஞ்சி வாங்கிக் கொடுத்திருந்தேன். மூன்றாம் மாதம் வலது தோள் வலிக்கிறது என்றான். அதே மாதம் ஒரு போட்டியில் 100 மீட்டர் பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் டிஸ்குவாலிஃபை ஆனான், களைப்பில் ஒரு பாதம் வெளிப்பக்கம் திரும்பாமல் கத்தரிக்கோல் மாதிரி வெட்ட ஆரம்பித்திருந்தது. உதைக்கும்போது இரண்டு பாதமும் வெளிப்பக்கம் திரும்பியிருக்க வேண்டும், இரண்டு காலும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி அசைய வேண்டும் என்பது விதி. ஒரு வருடம் முன்னால் அழகாக உதைத்த பையன்.

நானே போய்க் கோச்சிடம் கீழே இறக்கிவிடுங்கள் என்றேன். அப்போதே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை, அந்த மரியாதையை நான் மறக்க மாட்டேன். கீழ் பேட்சில் இவனை லேனின் முதல் ஆளாக விட்டார். முதல் ஆள் என்றால் கடிகாரம் பார்ப்பது, எத்தனையாவது நூறு என்று எண்ணுவது, வேகத்தை ஒரே சீராக வைத்துப் பின்னால் வருகிற நாலு பேரையும் இழுத்துக்கொண்டு போவது எல்லாம் அவன் பொறுப்பு. முதல் நாள் வீட்டுக்கு வந்து அழுவான் என்று பயந்துகொண்டிருந்தேன். வந்தவன் கோச் சொன்ன மூன்று விஷயத்தை வரிசையாக ஒப்பித்துவிட்டுத் தூங்கப் போய்விட்டான். தோள் இரண்டு மாதத்தில் சரியானது. பிரெஸ்ட்ஸ்ட்ரோக் உதை திரும்பி வர ஒரு வருடம் பிடித்தது, இன்றைக்கும் களைத்தால் அந்த வலது பாதம் கொஞ்சம் ஏமாற்றும்.

இப்போது பாப்பாவின் வீடியோ. ஃப்ரீஸ்டைல் நன்றாக இருக்கிறது, நிஜமாகவே நன்றாக இருக்கிறது, உடம்பு மேலே மிதந்து கிடக்கிறது. ஆனால் சுவரை உதைத்துக் கிளம்புகிற இடத்தைப் பார். கையை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துக் காதை ஒட்டி இறுக்காமல் விரித்து வைத்திருக்கிறாள், முதல் கை போட்டவுடனே மூச்சுக்குத் தலையைத் திருப்புகிறாள். ஸ்டார்ட்டை விட்டால் நீளத்தில் அதிக வேகம் இருப்பது சுவரை உதைத்த அந்த நொடியில்தான், அதை அங்கேயே கொட்டிவிடுகிறாள். பேக்ஸ்ட்ரோக்கில் இன்னொன்று, என் பையன்தான் காட்டினான். சுவருக்கு 5 மீட்டர் முன்னால் குறுக்கே கொடி கட்டியிருக்கும். கொடியைத் தாண்டினால் சுவருக்கு எத்தனை கை என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தமாக ஒரு எண் உண்டு. பாப்பா கொடியைத் தாண்டியதும் தலையைத் திருப்பிச் சுவரைத் தேடுகிறாள். அவள் எண் அவளுக்கு இன்னும் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் வளர வளர அது மாறும். இதெல்லாம் 20 விநாடி ஓய்வும் கோச்சின் கண்ணும் கிடைக்கிற பேட்சில் சரியாகிற விஷயம். மேலே போனால் ஆளுக்கு ஆள் நிறுத்திச் சொல்ல யாருக்கும் நேரம் இருக்காது.

பக்கத்து வீட்டுப் பெண் இவளைவிட அரைத் தலை உயரம் என்று நீயே எழுதியிருக்கிறாய், பிறந்த மாதத்தையும் கேட்டுப் பார். பத்து வயதில் பத்து மாத வித்தியாசம் என்பது கை நீளத்திலேயே தெரியும். பெண் பிள்ளைகள் கிடுகிடுவென்று வளர்வது சராசரியாக 12 வயதை ஒட்டி, பையன்களுக்கு அதற்கு ஏறக்குறைய 2 வருடம் தள்ளி, அதிலும் ஆளுக்கு ஆள் முன்னே பின்னே ஆகும். பத்து வயது டைமிங்கை வைத்து யாருக்கும் ஜாதகம் கணிக்க முடியாது. அப்பாக்கள் கூட்டத்தில் எப்போதும் ஒருவர் மைக்கேல் ஃபெல்ப்ஸை இழுத்துக்கொண்டு வருவார், 2000 சிட்னி ஒலிம்பிக்ஸில் 15 வயதிலேயே 200 மீட்டர் பட்டர்ஃப்ளையில் ஐந்தாவதாக வந்தாரே என்று. உண்மைதான். அதே சிட்னியில் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் தங்கத்தைப் பகிர்ந்துகொண்ட ஆண்டனி எர்வின், நடுவில் பல வருடம் போட்டியையே விட்டுவிட்டுத் திரும்பி வந்து, 2016 ரியோவில் 35 வயதில் அதே 50 மீட்டரில் மறுபடி தங்கம் வாங்கினார். அவரை யாரும் இழுத்துக்கொண்டு வருவதில்லை!

கோச்சிடம் பேசும்போது எப்போது ஏற்றுவீர்கள் என்று ஆரம்பிக்காதே, நான் அப்படித்தான் ஆரம்பித்துக் கெடுத்தேன். மேல் பேட்சில் நூறை எத்தனைக்கு அனுப்புகிறீர்கள், பாப்பா இப்போது அதை எத்தனையில் முடிக்கிறாள் என்று கேள். ஸ்ட்ரோக் கெடாமல் குறைந்தது 10, 15 விநாடி மிச்சம் வந்தால் அவளை ஏற்றச் சொல்லி நீ கேட்பதில் நியாயம் இருக்கிறது. நாலு ஸ்ட்ரோக்கிலும் டிஸ்குவாலிஃபை ஆகாமல் போய் வருகிறாளா, பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கிலும் பட்டர்ஃப்ளையிலும் இரண்டு கையாலும் ஒன்றாகச் சுவரைத் தொடுகிறாளா, அதையும் கேள். இதற்கு எண்ணோடு பதில் வந்தால் நல்ல கோச், விட்டுவிடாதே. பதில் வராமல், பிள்ளைகள் பாட்டுக்கு நீந்திக்கொண்டிருக்க அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாலோ, தோள் வலி என்கிற பிள்ளையைச் சும்மா நீந்து என்று விரட்டினாலோ, தயங்காதே, மாற்றிவிடு, அப்போது நானே வேறு கிளப் தேடித் தருகிறேன்.

தங்கச்சியிடம் சொல், பாப்பா அழுதது லெவலுக்காகத்தானா, கூட்டாளி வேறு நேரத்துக்குப் போய்விட்டாளே என்பதற்காகவா என்று ஒரு தடவை மெதுவாகக் கேட்டுப் பார்க்கட்டும். எனக்கு என்னவோ இரண்டாவதுதான் என்று படுகிறது.

பையன் காலில் மாட்டி நீந்திய பழைய குட்டி ஃபின்ஸ் பரணில் கிடக்கிறது, ரப்பர் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. பாப்பாவின் பாத அளவைக் காகிதத்தில் வரைந்து படம் எடுத்து அனுப்பு, பொருந்தினால் அனுப்பிவைக்கிறேன். கையில் மாட்டுகிற பேடில் கேட்டிருந்தாயே, அது தர மாட்டேன். பத்து வயசுத் தோளுக்கு அது பாரம், கோச் கேட்கட்டும், அப்போது பார்க்கலாம்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்