முதலில் சென்சாரைப் பார், கண்ணு

கோத்தகிரி

அன்புள்ள கண்ணுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்கிறது, விடிந்து வெகுநேரம் வரைக்கும் மூட்டம் கலைவதில்லை. நீ போனில் பேசியதிலிருந்து எனக்கு உன் கோடு வண்டி நினைப்புதான், தரையில் போட்ட கறுப்புக் கோட்டைத் தானே பார்த்துப் போகிற அந்தச் சின்ன ரோபோ. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதியே பார்சலோடு வைக்கிறேன்.

ராத்திரி ஹாஸ்டல் அறையில் கோட்டைப் பிடித்து ஒழுங்காகப் போன வண்டி, மறுநாள் டிபார்ட்மென்ட் வராந்தாவில் விட்டதும் நேரே சுவரில் போய் முட்டியது என்றாய். அதிலிருந்து புரோகிராமை மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றும் சொன்னாய். இப்போதைக்கு ஒரு வரிகூட மாற்றாதே. புரோகிராமில் கோளாறு என்றால் ராத்திரியும் முட்டியிருக்கும். மாறியது வெளிச்சமும் தரையும். அந்த இரண்டையும் உன் வண்டி சென்சார் வழியாகத்தான் பார்க்கிறது. அந்த சென்சார் என்ன பார்க்கிறது என்று நீ இன்னும் பார்க்கவில்லை.

உன் வண்டியில் இருப்பது டி.சி.ஆர்.டி. 5000. ஒரு பக்கம் 950 நானோமீட்டர் அகச்சிவப்பு எல்.இ.டி., பக்கத்திலேயே திரும்பி வருகிற வெளிச்சத்தை உணர ஒரு போட்டோ டிரான்சிஸ்டர். வெள்ளைத் தரை வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும், கறுப்பு டேப் விழுங்கிவிடும். இதெல்லாம் பிசிக்ஸ் படிக்கிற உனக்கே தெரியும். ஆனால் வெயிலிலும் அதே அகச்சிவப்பு தாராளமாக இருக்கிறது. சென்சாரின் மேலே இருக்கிற கறுப்புப் பிளாஸ்டிக் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தைத் தடுக்குமே தவிர, இதைத் தடுக்காது. ஹாஸ்டல் எல்.இ.டி. டியூப்லைட்டில் அகச்சிவப்பு கிட்டத்தட்ட இல்லை. ராத்திரி ஓடியது அதனால்தான்.

ஞாயிற்றுக்கிழமை நானே வைத்துப் பார்த்தேன். நீ விட்டுப்போன பழைய ஆர்டுயினோ போர்டு (உன் வண்டிக்கு மூளையாக இருக்கிற அதே வகை), அதே மாதிரி ஒரு சென்சார், பக்கத்து வீட்டுத் தம்பியின் லேப்டாப். திண்ணையில் வெள்ளை சார்ட்டை விரித்து, நடுவில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, சென்சாரின் எண்ணைத் திரையில் காட்டுகிற சீரியல் மானிட்டரைத் திறந்துகொண்டு உட்கார்ந்தேன். வெளிச்சம் கூடினால் எண் குறையும். மூட்டம் இருந்தவரை வெள்ளையின் மேல் 70-ஐ ஒட்டி, டேப்பின் மேல் 800-க்கு மேல். அப்புறம் மூட்டம் விலகித் தேயிலைக் காட்டுப் பக்கமிருந்து வெயில் சாய்வாகத் திண்ணையில் விழுந்தது. சென்சாரை நான் தொடவே இல்லை, டேப்பின் மேல்தான் இருக்கிறது. எண் 600, 400 என்று இறங்கி 150-க்கு வந்துவிட்டது. உள்ளங்கையை வெயிலுக்குக் குறுக்கே வைத்தேன், மறுபடி 800. கையை எடுத்தால் 150. உன் புரோகிராமில் 500-க்குக் கீழே என்றால் வெள்ளை என்று எழுதியிருக்கிறாய். வெயிலில் வண்டிக்குக் கோடே இல்லை. இல்லாத கோட்டை அது எப்படிப் பிடிக்கும்?

எங்கள் தேயிலை ஃபேக்டரியில் நிறத்தைப் பார்த்துக் காம்பைப் பிரிக்கிற கலர் சார்ட்டர் மிஷின் நல்ல தூளையும் காம்போடு சேர்த்துத் தள்ள ஆரம்பித்தால், புதிதாக வந்த பையன்களின் கை முதலில் செட்டிங்குக்குத்தான் போகும். நான் விடமாட்டேன். முதலில் கண்ணாடியைத் துடைக்கச் சொல்வேன். தேயிலைத் தூசி படிந்த கண்ணாடி வழியாக மிஷின் பார்ப்பதே தப்பு என்றால் எந்த செட்டிங்கும் சரிவராது. இத்தனை வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்து எனக்கு உறுதியாகத் தெரிந்த விஷயம் இது, அதனால்தான் உன்னிடமும் அழுத்திச் சொல்கிறேன்.

சரி, என்ன செய்யலாம்? உயரத்தைப் பார். இந்த சென்சார் நன்றாக வேலை செய்வது 2.5 மில்லிமீட்டரில், 15-ஐத் தாண்டினால் நம்ப முடியாது. நீ அனுப்பிய போட்டோவில் தரைக்கும் சென்சாருக்கும் நடுவில் விரலே நுழையும் போலிருக்கிறது. ஏ.டி.எம். கார்டு நான்கை அடுக்கினால் 3 மில்லிமீட்டர் வரும், அதை அடியில் வைத்து அந்த உயரத்துக்கு இறக்கி ஸ்க்ரூவை முடுக்கு. அப்புறம் சென்சார் வரிசையைச் சுற்றித் தரையை உரசாத அளவுக்குக் கறுப்பு ஃபோமால் ஒரு மறைப்புக் கட்டு. நிழல்தான் முதல் மருந்து. வெயில் நேராக விழுந்து கறுப்பும் வெள்ளையும் ஒரே எண்ணுக்கு வந்துவிட்டால் அதற்குமேல் எந்தக் கணக்கும் காப்பாற்றாது.

மறைப்புக் கட்டிய பிறகு அந்த 500-ஐ எடுத்துவிடு. வண்டி கிளம்புமுன் கோட்டின் மேல் இடமும் வலமுமாகத் திரும்பி, ஒவ்வொரு சென்சாரும் பார்த்த குறைந்த எண்ணையும் கூடின எண்ணையும் தானே குறித்துக்கொள்ளட்டும். குறைந்ததை 0 என்றும் கூடினதை 1000 என்றும் வைத்து நடுவில் பிரித்துக்கொண்டால், எந்தத் தரையில் வைத்தாலும் அந்தத் தரைக்கேற்ற அளவு கிடைக்கும். ஐந்து சென்சாரும் ஐந்து விதமாகத்தான் இருக்கும், எல்லாவற்றுக்கும் ஒரே எண் வைப்பது நியாயமில்லை.

இன்னொன்று. வராந்தாவில் டேப் தீர்ந்துபோய் மீதியை ஸ்கெட்ச் பேனாவால் வரைந்தோம் என்றாயே, அந்த இடத்தையும் சென்சாருக்குக் காட்டிப் பார். சாயத்தில் செய்த மை நிறைய நம் கண்ணுக்குத்தான் கறுப்பு. அகச்சிவப்பு அதை ஊடுருவிப் போய்ப் பேப்பரில் பட்டுத் திரும்பிவிடும், சென்சாருக்கு அது வெள்ளை. கார்பன் கலந்த இன்சுலேஷன் டேப் அப்படி ஏமாற்றாது. அனுப்புகிற ஃபோமையும் சென்சாரின் கீழே வைத்து எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் வெட்டினேன். ஏதாவது ஒரு சென்சாரின் எல்.இ.டி. எரிகிறதா என்று சந்தேகம் வந்தால் போன் கேமரா வழியாகப் பார், பெரும்பாலான போனில் லேசான ஊதா வெளிச்சம் தெரியும்.

வண்டி நெளிந்து நெளிந்து போகிறது என்று நீ சொன்னதைப் பிறகு பார்க்கலாம். எண்கள் ஒழுங்காக வந்தால் கோடு நடுவிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று கணக்குப் போடலாம், அந்த விலகலுக்கு ஏற்ற அளவுக்கு மட்டும் திரும்பச் சொல்லலாம், பாதி ஆட்டம் அதிலேயே நின்றுவிடும். அந்த 9 வோல்ட் சின்ன பேட்டரியை மட்டும் இன்றைக்கே கழற்றிவிடு. இரண்டு மோட்டாரும் சேர்ந்து இழுத்தால் அதன் வோல்டேஜ் உட்கார்ந்துவிடும், போர்டு தானே ரீசெட் ஆகும். லித்தியம் செல் இரண்டு, சார்ஜரோடு வைத்திருக்கிறேன். மோட்டாரை ஓட்டுகிற எல்298 டிரைவர் தனக்கே ஏறக்குறைய 2 வோல்ட் எடுத்துக்கொண்டாலும் மோட்டாருக்கு 5 வோல்டுக்கு மேல் மிஞ்சும், அது போதும்.

எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற இ.சி.இ. பிள்ளைகள் முன்னால் நாம் என்ன செய்துவிடப் போகிறோம் என்று கேட்டாய், அது எனக்கு வருத்தமாக இருந்தது கண்ணு. இந்த ஆர்டுயினோவே 2005-இல் இத்தாலியில் இவ்ரியா என்கிற ஊரில், எலக்ட்ரானிக்ஸ் படிக்காத டிசைன் மாணவர்களுக்காகச் செய்தது. வெயிலில் சென்சார் ஏன் தடுமாறுகிறது என்பது பிசிக்ஸ் கேள்வி. உன் பாடம்தான் அது.

சனிக்கிழமை சித்தப்பா மேட்டுப்பாளையம் வழியாகக் கோயம்புத்தூர் வருகிறார், பார்சலை அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். டேப் இரண்டு சுருள், ஃபோம், செல், அம்மா வாங்கிவைத்த வர்க்கி, உன் நீல ஸ்வெட்டர். வர்க்கியை அறையில் இருக்கிற பிள்ளைகளுக்கும் கொடு. ஃபோமைக் கட்டுவதற்கு முன்னால் வண்டியை ஓட்டாமல் வராந்தாவில் ஒரே இடத்தில் வைத்து, காலை, மதியம், சாயங்காலம் மூன்று வேளையும் ஐந்து சென்சாரின் எண்களையும், கோட்டின் மேல் ஒரு முறை வெள்ளையில் ஒரு முறை, நோட்டில் எழுதி வாட்ஸப்பில் அனுப்பு. கட்டிய பிறகும் அதே மாதிரி எடு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஞாயிற்றுக்கிழமை பேசுவோம்.

அன்புடன்,
அப்பா