எமது கை, கால் இழந்தோர் சங்கத்தின் 2025ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, போசகர்களே, அங்கத்தவர்களே, வணக்கம்.

நிர்வாகசபை மாதந்தோறும் கூடியது. சிரமதானம் இரண்டு, கோயில் திருவிழாவில் தண்ணீர்ப்பந்தல் ஒன்று, ஜெய்ப்பூர் செயற்கைக் கால் திருத்த யாழ்ப்பாணம் போய்வர மூன்று தடவை வாகன ஒழுங்கு. வரவுசெலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் கொஞ்சம் விரித்துச் சொல்ல வந்தது முகம்பார்க்கும் கண்ணாடியின் கதையை.

சித்திரைக் கூட்டத்தில், 2009 இறுதிப் போரில் மாத்தளனில் காலை இழந்த அங்கத்தவர் ஒருவர் எழும்பி, "இல்லாத காலின்ர பெருவிரல் இரவிரவா முறுக்குது, இதை ஆரிட்டச் சொல்லுறது?" என்று கேட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. இப்படி வேறு யாருக்கு என்று தலைவர் கை உயர்த்தச் சொன்னார். அரைவாசிக்கு மேல் உயர்ந்தன. உயர்த்தக் கை இல்லாத ஒருவர், "என்னையும் எண்ணுங்கோ" என்றார். பதினாறு வருடமாகப் பக்கத்துப் பாயில் படுத்தவருக்கும் சொல்லாமல் வைத்திருந்த நோ அது. ஒருவருக்கு வீட்டார் பேயோட்டியும் பார்த்திருக்கிறார்கள்.

ஆகவே வைகாசிக் கூட்டத்தை, இல்லாத கை கால் ஏன் நோகிறது என்று ஆராய்ந்த மூளை விஞ்ஞானி வி. எஸ். இராமச்சந்திரனின் ஆராய்ச்சிக்கு ஒதுக்கினோம். 1951இல் தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கேம்பிரிட்ஜில் கலாநிதிப் பட்டம் பெற்று, சான் டியாகோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர். முதலில் கண்பார்வையைத்தான் ஆராய்ந்தார். கையிலிருந்து வரும் நரம்பு அறுபட்ட குரங்குகளில், மூளையின் கைப்பகுதி முகத்தின் தொடுகைக்கு விழிக்கிறது என்று டிம் பொன்ஸ் குழுவினர் 1991இல் எழுதியதைக் கண்டதும், கை இழந்த இளைஞர் ஒருவரின் கன்னத்தைப் பஞ்சுக்குச்சியால் தொட்டுப் பார்த்தார். இல்லாத கையின் விரல்களிலும் தொடுகிறது என்றார் இளைஞர். மூளையின் தொடுகை வரைபடத்தில் முகமும் கையும் அயல் வளவுகள்; கைவளவு வெறுமையானதும் முகம் வேலி தாண்டிவிட்டது என்பது இராமச்சந்திரனின் விளக்கம். பாதத்துக்கு அயல்வளவு எது என்று சொன்னபோது பின்வாங்கிலில் எழுந்த சிரிப்பை அறிக்கையில் சேர்க்கவேண்டாமென்று தலைவர் பணித்துள்ளார்.

கண்ணாடி அதன்பின் வந்தது. முறுகிய விரலை விரி என்று மூளை கட்டளையிடுகிறது. விரிந்ததென்று சொல்ல விரல் இல்லை. பெட்டிக்குள் கண்ணாடியை நிமிர்த்தி வைத்து, இருக்கிற கையை அதன்முன் விரித்தால், இழந்த கை விரிவதுபோல் கண்ணுக்குத் தெரியும்; அதைக் கண்டு மூளை முறுக்கைத் தளர்த்தும் என்பது அவர் எண்ணம். இதை அவரும் மனைவி டயானும் 1996இல் விரிவாக வெளியிட்டார்கள்.

அந்த மலிவான பெட்டியைப் பலர் தூக்கிக்கொண்டு போனார்கள். எரிக் அல்ட்சூலரும் கூட்டாளிகளும் 1999இல் பாரிசவாதக்காரருக்குப் பயன்படுத்தினார்கள். ஜாக் சாவோ குழுவினர் கால் இழந்த அமெரிக்கப் படையினரிடம் சோதித்து 2007இல் எழுதினார்கள்: தினம் 15 நிமிடம், நான்கு வாரம். கண்ணாடி பார்த்த ஆறு பேருக்கும் நோ குறைந்தது; துணி மூடிய கண்ணாடி பார்த்தவர்களில் ஒருவருக்குத்தான். வேலி தாண்டிய கதையை மறுத்தவர்களும் உண்டு. மூவரின் மூளையைக் கை அகற்ற முன்னும் பின்னும் படம்பிடித்த டமார் மக்கின் குழுவினர், கைவளவு கையிடமே இருக்கிறதென்று இந்த ஆண்டு காட்டினார்கள். எனக்கு அவர்கள் சொல்வதே பிடித்திருக்கிறது. எங்கள் கால் எங்கேயும் போகவில்லை என்றுதானே அங்கத்தவர்களும் இவ்வளவு காலம் சொன்னார்கள்.

ஆனியில் இரண்டு நீளக் கண்ணாடி வாங்கினோம். சட்டம் அடித்த தச்சாசாரியார் கூலி வாங்கவில்லை. சிலருக்கு நோ தணிந்தது, சிலருக்கு ஒன்றுமில்லை, ஒரு அக்காவுக்குத் தலைசுற்றி நிறுத்திவிட்டார். இரண்டு காலும் இழந்தவர்களுக்கு உதவவில்லை. கண்ணாடிக்குக் காட்ட ஒரு காலாவது வேண்டும். அவர்களிடம் இதைச் சொன்ன நாள்தான் எனக்கு இந்த ஆண்டின் கஷ்டமான நாள்.

ஒரு கண்ணாடி வாசிகசாலையில் உள்ளது. மற்றது ஆவணியில் இரவல் போய்த் திரும்பவில்லை. யாரிடம் என்று தெரியும். இப்போது அவர் விடியும்வரை நித்திரை கொள்கிறார் என்று மனைவி சொன்னதால் நான் கேட்கவில்லை. புதிதாக ஒன்று வாங்கச் சபையின் அனுமதியைக் கோருகிறேன்.

நன்றி.
செயலாளர்