செவ்வாய்க்கிழமை பத்து மணி

அன்புள்ள தனம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாததற்குத் திட்டுவதை நேரில் பார்க்கும்போது வைத்துக்கொள். இங்கே எல்லோரும் சுகம். மாமியாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. செய்தி அவ்வளவுதான்.

நீ ஏழு பக்கம் எழுதியிருந்தாய். ஆறரைப் பக்கம் உன் அக்கா மகன் கண்ணன்தான். எந்த டாக்டர், என்ன மாத்திரை, எத்தனை தடவை ஆஸ்பத்திரி, யார் ஜாதகம் பார்த்து என்ன சொன்னார்கள் எல்லாம் இருந்தது. அக்காவைப் பற்றி ஒரே வரி: "அக்கா நல்லாத்தான் இருக்கா, கொஞ்சம் இளைச்சுட்டா." நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த வரியைத்தான். மனச்சிதைவு வந்த பிள்ளையை நான்கு வருடமாக வைத்துப் பார்க்கிறவள், ராத்திரி இரண்டு மணிக்குத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டாலே எழுந்து உட்காருகிறவள், எப்படி நல்லா இருப்பாள்? கண்ணனுக்கு டாக்டர் உண்டு, ஃபைல் உண்டு, மறுபடி வரவேண்டிய தேதி உண்டு. அக்காவுக்கு ஒரு ஓ.பி. சீட்டுகூடக் கிடையாது.

"எதுனா வேணும்னா சொல்லுக்கா" என்று நீ சொல்லிக்கொண்டேதான் இருக்கிறாயாம். அதை இன்றோடு நிறுத்து. அவள் சொல்லமாட்டாள். கேட்கவும் தெம்பு வேண்டும். நீ ஒரு நாளைக் கொடு. செவ்வாய்க்கிழமை காலை பத்திலிருந்து இரண்டு வரை, வாராவாரம், மழை பெய்தாலும். தாம்பரத்துக்கு உனக்கு ஒரு பஸ்தானே. நாளும் நேரமும் மாறக்கூடாது. திடீரென்று ஆள் வந்து நின்றால் கண்ணனுக்குச் சந்தேகம் கிளம்பும். தெரிந்த நேரத்தில் தெரிந்த சித்தி வந்தால் பழகிவிடும். அக்காவுக்கும் அப்படித்தான். செவ்வாய் வரும் என்று தெரிந்தால் திங்களைத் தாண்டிவிடலாம்.

முதல் வாரமே அவளை வெளியே அனுப்பாதே. இரண்டு வாரம் அவள் பக்கத்து அறையில் படுக்கட்டும். மூன்றாவது வாரம் தெருமுனை வரை போய் வரட்டும். அதற்குப் பிறகுதான் நான்கு மணி நேரம். இதில் பெரும்பாலும் எங்கே சறுக்கும் தெரியுமா? நீ விருந்தாளி ஆகிவிடுவாய். அவள் உனக்குக் காபி போடுவாள், சாப்பாடு வைப்பாள், கடைசியில் ஒரு வேலை கூடியிருக்கும். அதனால் உன் ஃப்ளாஸ்க்கை நீயே கொண்டு போ, மதியச் சாப்பாட்டையும் சேர்த்து. அடுத்த சறுக்கல், அந்த நான்கு மணி நேரத்தில் அவள் ரேஷன் கடைக்கும் கரண்ட் பில் கட்டவும் ஓடுவது. அதை அத்தான் பார்க்கட்டும். அவள் முதலில் தூங்கட்டும். ஒரு மாதம் போனபின் ஒரு செவ்வாயன்று நீயே முன்பதிவு செய்து அவளுக்கு பி.பி., சுகர், ரத்தச்சோகை மூன்றும் பார்க்க வை. மகனுக்கு மாதாமாதம் ரத்தம் எடுக்கக் கூட்டிப்போகிற தாய், தன் கையை ஒரு தடவைகூட நீட்டியிருக்கமாட்டாள்.

இது அக்காவுக்கு மட்டும் செய்கிற உபகாரம் என்று நினைக்காதே. லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் ஒன்றைக் கவனித்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவர்களில் யாருக்கு நோய் சீக்கிரம் திரும்புகிறது? ஓயாமல் குறை சொல்கிற, அல்லது மூச்சுவிடாமல் பொத்திப் பொத்திப் பார்க்கிற வீட்டில் இருப்பவர்களுக்கு. 1972-லும் 1976-லும் வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, அப்படிப்பட்ட வீடுகளில் வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் முகத்துக்கு முகம் இருந்தவர்களில் 69 சதவீதம் பேருக்கு ஒன்பது மாதத்துக்குள் நோய் திரும்பியது. அதே மாதிரி வீடு, ஆனால் 35 மணிக்குக் குறைவு என்றால் 28 சதவீதம். இதை வைத்து யாராவது அக்காவைக் குற்றம் சொன்னால் விடாதே. குடும்பம் நோயை உண்டாக்குவதில்லை. தூக்கம் கெட்டவள் வாயிலிருந்துதான் சுடுசொல் வரும். அவளுக்கு ஓய்வு கொடுத்தால் அந்தச் சொல் தானாகக் குறையும். ஆக உன் செவ்வாய்க்கிழமை கண்ணனுக்கும் மருந்துதான்.

நீ அவனோடு இருக்கும்போது செய்யவேண்டியது இதுதான். டி.வி.யை அணை. எதிரில் உட்காராமல் பக்கவாட்டில் உட்கார். ஒரு நேரத்தில் ஒரு விஷயம் மட்டும் சொல்: "கண்ணா, தட்டை எடு." குளி, துணி மாத்து, சாப்பிட வா என்று மூன்றையும் சேர்த்துச் சொன்னால் அவன் அங்கேயே நிற்பான். அது பிடிவாதம் இல்லை. எழாமல் கிடப்பது, குளிக்காதது, முகத்தில் சலனமே இல்லாதது எல்லாம் நோயின் அறிகுறிகள். குரல் கேட்பதைவிட இவைதான் மாத்திரைக்கு லேசில் மசியாதவை. "சோம்பேறி" என்ற சொல் அந்த வீட்டில் யார் வாயிலும் வரக்கூடாது, அத்தான் வாயில் முக்கியமாக.

மேல்வீட்டுக்காரர் தன்னைப் பற்றிப் பேசுகிறார் என்று அவன் சொன்னால் வாதாடாதே, ஆமாம் போடவும் செய்யாதே. "எனக்குக் கேக்கலடா. உனக்குக் கேக்குது, பயமாத்தான் இருக்கும். பாட்டுப் போடவா?" என்று கேள். அவனுடைய பயத்தை ஒத்துக்கொள், விஷயத்தை ஒத்துக்கொள்ளாதே. சமையலறையில் நீயும் அக்காவும் குசுகுசுவென்று பேசினால் அவனுக்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். பேசவேண்டியதைச் சத்தமாகப் பேசுங்கள், இல்லையென்றால் மாடிக்குப் போங்கள்.

க்ளோசபின் கொடுக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். நல்ல மருந்து, ஆனால் பொறுப்பு அதிகம். காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் வெறும் ஜுர மாத்திரையோடு விடக்கூடாது. அன்றைக்கே டாக்டரிடம் சொல்லி, ரத்தத்தில் வெள்ளணு எண்ணிக்கை குறைந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். மலச்சிக்கலைச் சின்ன விஷயம் என்று ஒதுக்காதீர்கள், இந்த மருந்தில் அது உயிருக்கே ஆபத்தாகும். இரண்டு நாள் போகாவிட்டாலே கேளுங்கள். வயிறு உப்பி வலித்தால் உடனே ஓடுங்கள். 48 மணி நேரத்துக்கு மேல் மாத்திரை விட்டுப்போனால் பழைய அளவை அப்படியே கொடுக்கக்கூடாது. டாக்டர் மறுபடி 12.5 மில்லிகிராமிலிருந்து ஏற்றுவார். அவன் பீடியையோ சிகரெட்டையோ சட்டென்று நிறுத்தினால் அதையும் சொல்லவேண்டும். புகை நின்றால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறும். தூக்கத்தில் எச்சில் வழிவதற்குத் தலையணைமேல் ஒரு துண்டு போதும், அதற்காக அவனைக் கேலி செய்யவேண்டாம். சாம்பாரில் பொடித்துக் கலக்கும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதே. ஒருநாள் கண்டுபிடித்தால் பிறகு அக்கா கையால் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டான்.

ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கிக் கொடு. தினம் மூன்றே விஷயம்: எத்தனை மணி நேரம் தூங்கினான், மாத்திரை போட்டானா, புதிதாக ஏதாவது. பெரும்பாலும் தூக்கம்தான் முதலில் கெடும். இரண்டு மூன்று ராத்திரி தொடர்ந்து குறைந்தால் மறு தேதிக்குக் காத்திருக்காமல் போகவேண்டும். ஐந்து நிமிடம் பார்க்கிற டாக்டரிடம் அந்த நோட்டை நீட்டினால் போதும்.

அவன் நம்பிக்கையில்லாமல் பேசினால் நேராகவே கேள்: "செத்துடலாம்னு தோணுதா?" கேட்பதால் எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. ஆமாம் என்றால் தனியே விடாதே. எலி மருந்து, பூச்சி மருந்து, மிச்ச மாத்திரை எதுவும் வீட்டில் கைக்கு எட்டும்படி இருக்கக்கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ; அவசரம் என்றால் 108. 14416 என்பது டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண், 2022-லிருந்து இருக்கிறது. இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம். அக்கா தனக்காகவும் கூப்பிடலாம் என்பதை அவளிடம் சொல்.

காகித வேலைக்கு நீதான் சரி. ஹாஸ்டல் மெஸ் கணக்கில் நாலணா விடாதவள் நீ. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் மனநோயும் உண்டு. அதற்கான சான்றிதழுக்கு அரசு மருத்துவமனையில் தன்னைக் கவனித்துக்கொள்வது, மனிதர்களோடு பழகுவது, பேச்சும் புரிதலும், வேலை என்று நான்கைப் பார்த்து, எத்தனை வருட நோய் என்பதையும் சேர்த்து மதிப்பெண் போடுவார்கள். 40 சதவீதமோ மேலேயோ வந்தால்தான் பெரும்பாலான சலுகைகள். டிஸ்சார்ஜ் சம்மரி, பழைய சீட்டுகள், ஆதார், போட்டோ எல்லாம் எடுத்துப் போ. கெடுவது எங்கே என்றால், அன்றைக்கு என்று பையனைக் குளிப்பாட்டி, இஸ்திரி சட்டை போட்டு, "இப்ப பரவாயில்ல டாக்டர்" என்று அம்மாவே சொல்லிவிடுவாள். மானம் பார்ப்பதில் சதவீதம் இறங்கிவிடும். போன மாதம் எத்தனை நாள் சொல்லாமல் குளித்தான், எத்தனை நாள் வெளியே போனான் என்று எண்ணி எழுதிக் கொடுங்கள். உள்ளது உள்ளபடி.

இன்னொன்றும் அவன் தெளிவாக இருக்கிற இந்த மாதத்திலேயே செய்யவேண்டும். 2017 மனநலச் சட்டப்படி, நோய் கூடும்போது தன் சார்பில் நிற்க ஒருவரை அவனே நியமிக்கலாம். வெள்ளைத்தாளில் எழுதி அவன் கையெழுத்துப் போடவேண்டும், நியமிக்கப்படுகிறவரும் சம்மதம் எழுதிக் கொடுக்கவேண்டும். அக்கா பெயரா, உன் பெயரா என்று அவனையே கேளுங்கள். அவனைக் கேட்டு ஒரு காரியம் நடந்து எத்தனை நாளாயிற்று?

பெரியப்பா ஏர்வாடி தர்காவுக்குக் கொண்டுபோய் விடச் சொல்கிறாராம். சாமி கும்பிடுவதை நான் தடுக்கவில்லை. மாத்திரைப் பையோடு போய் அன்றைக்கே திரும்பி வரட்டும். விட்டுவிட்டு வருவது வேறு. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அந்த ஊரில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓடமுடியவில்லை. 28 பேர் செத்தார்கள், தனம். ஒவ்வொருவரையும் குணமாகட்டும் என்று ஒரு வீட்டிலிருந்து கூட்டிவந்து விட்டிருந்தார்கள். பெரியப்பாவிடம் இதை நீயே சொல், அக்காவைச் சொல்லவைக்காதே. சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்லும் வேலையையும் அவள் தலையிலிருந்து இறக்கு.

அவள் உன்னிடம் என்றாவது, "நான் வளர்த்தது சரியில்லையோ" என்று கேட்பாள். "அப்படியெல்லாம் இல்லக்கா" என்று அவசரமாக வாயை அடைத்துவிடாதே. முழுதும் சொல்லி முடிக்கட்டும். பிறகு, இது மூளையில் வரும் நோய், யார் வளர்த்ததாலும் வந்ததில்லை என்று சொல். நீ பத்துத் தடவை சொன்னாலும், அதே நிலையிலிருக்கும் இன்னொரு தாய் ஒரு தடவை சொல்வதற்கு ஈடாகாது. 1950-களில் அமிர்தசரஸில் டாக்டர் வித்யா சாகர், மனநல மருத்துவமனை மைதானத்தில் கூடாரம் அடித்து நோயாளிகளோடு குடும்பங்களையும் தங்கவைத்தார். நோயாளிக்கு மட்டுமல்ல, வீட்டுக்காரர்களுக்கும் தெளிவு வந்தது. நம் சென்னையில் மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆய்வு நிறுவனம் அண்ணாநகரில் இருக்கிறது. குடும்பத்தினர் கூடும் நாள் எப்போது என்று அங்கே கேட்டு, முதல் தடவை நீயே கூடப் போய் உட்கார். தனியாக என்றால் அவள் வாசலோடு திரும்பிவிடுவாள்.

இத்தனையும் ஒரே வாரத்தில் வேண்டாம். முதலில் நோட்டும் ஃப்ளாஸ்க்கும். அடுத்த கடிதத்தில் கண்ணனைப் பற்றி அரைப் பக்கம் போதும். அக்கா செவ்வாய்க்கிழமை எத்தனை மணி நேரம் தூங்கினாள் என்று எழுது.

அன்புடன்,
காமாட்சி

பி.கு.: அக்காவுக்குப் பிடித்த சுக்குப்பொடி ஒரு டப்பா அனுப்பியிருக்கிறேன். பாதியை நீ எடுத்துக்கொள்ளாதே.